கருப்பிக்கு எந்தப் பொலிகுதிரை?

தங்கை வாட்ஸாப்பில் நாலு படம் அனுப்பியிருந்தாள். நாலும் பொலிகுதிரைகள், அதாவது இனவிருத்திக்கு விடும் ஆண்குதிரைகள். தன்னுடைய கறுப்பு வெள்ளைக் காப் பெண்குதிரை கருப்பிக்கு ஜோடி தேடுகிறாள். கூடவே ஒரு வரி: "அக்கா, இதுல எது நல்லா இருக்கு? சீக்கிரம் சொல்லு, மே மாசத்துக்குள்ள புக் பண்ணணும்."

முதல் படத்தில் கன்னங்கரேலென்று ஒரு தரோபிரெட். 16.1 ஹேண்ட் (குதிரை உயரத்தை அளக்கும் கணக்கு) உயரம், பந்தயத்தில் ஓடி ஓய்வு பெற்றது. அடுத்தது காலெல்லாம் ரோமம் புரளும் கறுப்பு வெள்ளை ஜிப்ஸி காப், பிடரி மயிர் ஷாம்பூ விளம்பரம் தோற்கும்படி. மூன்றாவது சாம்பல் நிற ஐரிஷ் டிராஃப்ட், 16.2. நாலாவது செம்பழுப்பு வெல்ஷ் காப், 14.3. யாரோ அவசரத்தில் எடுத்த படம். சேற்றில் நிற்கிறது, வாலில் முள் ஒட்டியிருக்கிறது.

நான் பதில் போட்டேன்: "முதல்ல கருப்பியோட படம் அனுப்பு. பக்கவாட்டுல, சமதரையில, சேணம் இல்லாம."

"கருப்பியை உனக்குத் தெரியாதாக்கா?"

எனக்குத் தெரியும். அவள் சரியாகப் பார்த்திருக்கிறாளா என்பதுதான் சந்தேகம். வேல்ஸில் ஒரு பொலிப்பண்ணையில் எட்டு வருஷம் வேலை பார்த்தேன். ஏமாந்து போனவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வருவார்கள்: ஆண்குதிரையின் படத்தைப் பார்த்து மயங்கி, அதற்கு ஏற்ற காரணத்தைத் தங்கள் பெண்குதிரையிடம் பிறகு தேடுவார்கள். வரிசை தலைகீழ். பெண்குதிரையிடம் என்ன குறை என்று முதலில் எழுதிக்கொண்டால் நாலு விளம்பரத்தில் இரண்டு தானாகவே கழன்றுவிடும்.

காப் என்பது ஓர் இனத்தின் பெயரல்ல, ஓர் உடல்வாகின் பெயர். குட்டைக் கால், தடித்த எலும்பு, அகன்ற மார்பு, உருண்ட பின்பகுதி, எந்தக் கனத்தையும் சுமக்கும் முதுகு. பிரிட்டிஷ் கண்காட்சி வகுப்புகளில் 155 சென்டிமீட்டருக்கு மேல் போனால் அது மேக்ஸி காப். வெல்ஷ் காப் போன்ற சில விதிவிலக்கு, அவற்றுக்குத் தனி இனப் பதிவேடே உண்டு. மற்றபடி அயர்லாந்திலும் பிரிட்டனிலும் திரியும் கறுப்பு வெள்ளை காப்களில் பலவற்றுக்கு அப்பன் யார் என்று தெரியாது. கருப்பியின் பாஸ்போர்ட்டிலும் (குதிரைக்கான அடையாள ஆவணம்) தாய் தந்தை இடம் காலிதான். இது சின்ன விஷயமில்லை. தாய்வழி என்ன ஒளிந்திருக்கிறது என்று தெரியாதபோது, தந்தையாவது எல்லாச் சோதனையும் முடித்த, பிள்ளைகளைக் கண்ணால் பார்க்க முடிகிற குதிரையாக இருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு நேரில் போனேன். கருப்பிக்கு ஒன்பது வயது, 14.2 ஹேண்ட். ஒரு ஹேண்ட் 4 அங்குலம். புள்ளிக்குப் பின்னால் வருவது தசமம் இல்லை, மிச்ச அங்குலம். ஆக ஏறக்குறைய 147 சென்டிமீட்டர். முன்கால் முட்டிக்குக் கீழே தையல் டேப்பைச் சுற்றினால் 8¾ அங்குலம்: நல்ல எலும்பு. குளம்பு இரும்பு. லாடம் அடிப்பவர் காலைத் தூக்கினால் அப்படியே கண்ணை மூடித் தூங்கிவிடும் குணம். இதெல்லாம் குட்டிக்குப் போகட்டும் என்று ஆசைப்பட வேண்டிய சொத்து.

குறைகள்? மைதானத்தில் ஈரமணல் இருந்தது. நடக்கவிட்டு, பின்னால் போய்க் குனிந்து தடத்தைப் பார்த்தோம். நல்ல நடையுள்ள குதிரையின் பின்குளம்பு, முன்குளம்பு விட்டுச்சென்ற தடத்தைத் தாண்டி விழும். கருப்பியுடையது அந்தத் தடத்தை எட்டாமல் இரண்டு விரற்கடை பின்னாலேயே விழுந்துவிட்டது. காரணம் தோளில் இருக்கிறது. தோள் எலும்பு சாய்வாக இல்லாமல் செங்குத்தாக நிற்பதால் முன்கால் நீட்டி வீச முடிவதில்லை. முன்கால் போடும் சின்ன அடிக்கே பின்காலும் கட்டுப்படுகிறது. பெரும்பாலான கனத்த காப்களின் பொதுக்குறை இது. வண்டி இழுக்கும் கழுத்துப்பட்டைக்கு அந்தத் தோள் வசதி, சவாரிக்கு வசதியில்லை. அடுத்தது, காற்றைக் குடித்தே கொழுக்கும் உடம்பு. கழுத்தின் மேல்விளிம்பில் கைவைத்தால் கெட்டிக் கொழுப்பு. கால் ரோமத்தை ஒதுக்கிப் பார்த்தால் கணுவுக்குப் பின்னால் பொருக்கு. உண்ணித் தொல்லையால் வருஷத்தில் பாதி நாள் காலை உதைத்துக்கொண்டே இருக்கும்.

"சரி, குட்டி உனக்கு எதுக்கு?" என்றேன். விற்க மாட்டாளாம். நாலைந்து வயதில் தானே ஏறி, மலைப்பாதையில் போய்வர, வழியில் விழுந்து கிடக்கும் மரத்தைத் தாண்ட. போட்டி ஆசை இல்லை. தங்கையின் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். அப்படியானால் 14.2இலிருந்து 15.1 வரை போதும்.

விற்க மாட்டேன் என்ற அந்தப் பதிலை இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். பிரிட்டனில் காப் குட்டிக்குப் பஞ்சமே இல்லை. அடுத்தவர் நிலத்தில் குதிரையை மேயவிட்டுக் கைகழுவும் தொல்லை முற்றித்தான் வேல்ஸில் 2014இலும் இங்கிலாந்தில் 2015இலும் குதிரைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் வந்தன. அப்படிக் கைவிடப்பட்டு மீட்பு இல்லங்களுக்கு வந்தவற்றில் நிறையப் பேர் கருப்பியின் சாயல்தான். அழகாக இருக்குமே என்பதற்காக மட்டும் ஒரு குட்டி என்றால், மீட்பு இல்லத்தில் போய் ஒன்றை அழைத்து வந்துவிடலாம்.

இனி படங்கள். முதலில் தரோபிரெட், ஏனென்றால் லாயத்தில் எல்லோரும் அதைத்தான் சொன்னார்களாம். சொல்வதற்குக் காரணம் உண்டு. கனத்த பெண்குதிரை மேல் தரோபிரெட் என்பது வேட்டைச் சவாரிக் குதிரை உண்டாக்கும் பழைய கணக்கு. சாய்ந்த தோள், நீண்ட அடி, மூச்சு, வேகம்: கருப்பியிடம் இல்லாத எல்லாமே அதனிடம் இருக்கிறது. தீனியைச் சாப்பிட்டாலும் கொழுக்காது. காகிதத்தில் பார்த்தால் பொருத்தம் பத்துக்குப் பத்து.

ஆனால் இரண்டு எதிரெதிர் உடல்களைச் சேர்த்தால் நடுவில் ஒன்று பிறக்கும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. ஒவ்வொரு உறுப்பும் தனித்தனியாக யாராவது ஒருவர் பக்கம் சாயலாம். பண்ணையில் வேலை பார்த்தபோது இப்படி ஒரு கலப்பு நாலு வயதில் பழக்குவதற்கு வந்தது. உடம்பு அம்மாவுடையது, கால் அப்பாவுடையது, மூளை யாருடையது என்று கடைசி வரை எங்களுக்குத் தெரியவில்லை. பீப்பாய் போன்ற உடலைத் தாங்க 7½ அங்குல எலும்பு. மெல்லிய உள்ளங்குளம்பு, கல்லில் மிதித்தால் மூன்று நாள் நொண்டும். காகிதம் பறந்தால் தரோபிரெட் மாதிரி மிரளும், மிரண்டால் காப் பலத்தோடு இழுத்துக்கொண்டு போகும். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்களே, அதை அந்த ஒரு கோடையில் பலமுறை நினைத்துக்கொண்டேன். நல்லபடியாக வந்தவையும் உண்டு. அருமையாக வந்த இரண்டைப் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டுக்கும் தாய் மெலிந்த வகைக் காப், தந்தை பல பருவங்கள் தடை தாண்டும் பந்தயங்களில் ஓடியும் கால் கெடாத, எலும்பு தடித்த குதிரை.

தங்கை அனுப்பிய கறுப்பு அழகன் இரண்டு வயதில் நாலு தடவை ஓடியிருக்கிறது. "காயத்தால் ஓய்வு" என்று விளம்பரமே சொல்கிறது. எந்தக் கால், என்ன காயம் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. தசைநார் பலவீனம் குட்டிக்குப் போகலாம், பழைய ஓட்டக் கோப்பை போகாது. நல்ல தரோபிரெட் கிடைத்தாலும் கருப்பி போன்ற கனத்த பெண்குதிரைக்கு அது சூதாட்டம் என்பது என் அபிப்பிராயம். ஒரே ஒரு குட்டி மட்டும் எடுக்கப்போகிறவள் சூதாடக்கூடாது. பத்துக் குட்டி எடுக்கும் பண்ணைக்காரர் இரண்டைத் தள்ளிவிட்டு எட்டைக் காட்டலாம்.

இங்கே ஒரு பயத்தையும் பேசிவிட வேண்டும். "இவ்ளோ பெரிய குதிரைக்குப் பிறக்கிற குட்டி கருப்பி வயித்துல மாட்டிக்காதா?" என்று தங்கை கேட்டாள். இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். கேம்பிரிட்ஜில் வால்டன், ஹாமண்ட் என்ற இருவர் மிகப் பெரிய ஷயர் இனத்தையும் மிகச் சிறிய ஷெட்லண்ட் இனத்தையும் செயற்கைக் கருவூட்டல் மூலம் இரு பக்கமும் கலந்து, 1938இல் முடிவை வெளியிட்டார்கள். மரபணுவில் இரண்டு கலப்பும் சரிபாதிதான். ஆனால் ஷயர் தாய்க்குப் பிறந்த குட்டி, ஷெட்லண்ட் தாய்க்குப் பிறந்ததைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு எடை. குட்டியின் பிறப்பு அளவைத் தாயின் கருப்பைதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது; நஞ்சுக்கொடி ஒட்டிக்கொள்ள எவ்வளவு இடம் இருக்கிறதோ அவ்வளவுதான் வளர்ச்சி. ஆகவே 16 ஹேண்ட் தந்தை என்பதற்காகவே பிரசவத்தைப் பார்த்து நடுங்க வேண்டியதில்லை. அகன்ற இடுப்புள்ள கருப்பிக்கு இது பெரிய கவலையே அல்ல. பிறந்த பிறகு எவ்வளவு உயரும் என்பதில்தான் தந்தையின் பங்கு மெல்ல மெல்லத் தெரியவரும். அது தங்கையின் ஐந்தடி இரண்டு அங்குலத்துக்கு முக்கியம்.

அந்தக் கணக்கில்தான் ஐரிஷ் டிராஃப்ட் பின்தங்கியது. மற்றபடி எனக்கு மிகவும் பிடித்த இனம். 1917இலிருந்து அயர்லாந்தில் பதிவேடு உண்டு. ஏர் இழுத்து, வண்டி இழுத்து, வார இறுதியில் வேட்டைக்கும் போன குதிரை. 9 அங்குலத்துக்கு மேல் எலும்பு, நிதானமான மண்டை, தாண்டும் திறமை. தரோபிரெட்டோடு சேர்த்தால் உலகமே கொண்டாடும் ஐரிஷ் விளையாட்டுக் குதிரை. ஆனால் கருப்பியிடம் ஏற்கெனவே எலும்பும் கனமும் நிதானமும் இருக்கின்றன. அவளிடம் இல்லாதது தோளும் நடையும். இந்தப் படத்துச் சாம்பல் குதிரைக்குத் தோள் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் குட்டி 15.2ஐத் தாண்டி, 600 கிலோவுக்கு மேல் வளர எல்லா வாய்ப்பும் உண்டு. தங்கை தரையிலிருந்து ஏற ஏணி வேண்டும்.

நிறத்திலும் ஒரு வேடிக்கை. சாம்பல் நிற மரபணு மற்ற எல்லா நிறத்தையும் மூடிவிடும். கருப்பி போல அழகான கறுப்பு வெள்ளைத் திட்டோடு குட்டி பிறந்தாலும், சாம்பல் மரபணு வந்துவிட்டால் வருஷத்துக்கு வருஷம் கறுப்பு வெளுத்து, பத்து வயதில் வெள்ளையில் வெள்ளைத் திட்டு! வயதான சாம்பல் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு வாலடியில் மெலனோமா கட்டிகள் வருவதும் தெரிந்த சங்கதி. தங்கை ஐந்தடி எட்டாக இருந்து, மேக்ஸி காப் வேண்டுமென்று கேட்டிருந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு இந்தக் குதிரையைச் சொல்லியிருப்பேன்.

ஜிப்ஸி காப் விஷயத்தில் அவளோடு கொஞ்சம் சண்டையே வந்தது. அவள் மனம் அங்கேதான் இருந்தது. "கருப்பி மாதிரியே இன்னொரு கருப்பி" என்றாள். அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஒரே உடல்வாகோடு ஒரே உடல்வாகு சேர்ந்தால் குட்டி எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். குணமும் அப்படியே. விளம்பரத்தில் "இரட்டை டோபியானோ" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது: திட்டு நிற மரபணு இரண்டு பிரதியும் இருப்பதால் எந்த நிறப் பெண்குதிரையோடு சேர்ந்தாலும் திட்டுள்ள குட்டிதான். அது உண்மை. ஆனால் நிறத்துக்கு உத்தரவாதம் கொடுத்தவர் வேறெதற்கும் கொடுக்கவில்லை.

முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்பதில் குறைகளும் அடக்கம். அந்தக் குதிரையின் தோளும் செங்குத்து, கருப்பியுடையதும் செங்குத்து. குட்டிக்குச் சாய்ந்த தோள் எங்கிருந்து வரும்? கால் ரோமம் இரண்டு பக்கமும் அடர்த்தி. ரோமக்கால் கனத்த குதிரைகளில் நிணநீர் தேங்கிக் கால் தடித்து, மடிப்பு விழுந்து, புண்ணாகிக்கொண்டே போகும் நோய் ஒன்று உண்டு. ஷயர், கிளைடஸ்டேல், ஜிப்ஸி காப் மூன்றிலும் பார்க்கலாம். தீர்க்கும் மருந்தும் கிடையாது, முன்கூட்டி அறிய மரபணுச் சோதனையும் கிடையாது. தந்தையின் காலை ரோமத்துக்குள் கைவிட்டுத் தடவிப் பார்ப்பதுதான் சோதனை. அந்த உரிமையாளர் காலைத் தொட விடவில்லை. "இப்பத்தான் குளிப்பாட்டியிருக்கேன்" என்றார்.

மரபணுச் சோதனை இருக்கிற நோய்களும் இங்கே குறுக்கிடுகின்றன. குட்டிகளின் எதிர்ப்புச் சக்தியை அழிக்கும் எஃப்.ஐ.எஸ். நோய் முதலில் ஃபெல், டேல்ஸ் என்ற மட்டக்குதிரை இனங்களில் அறியப்பட்டது. பிறகு திட்டு நிறக் காப்களிலும் அதன் மரபணு இருப்பது தெரிந்தது. தாய் தந்தை இருவரும் ஒரு பிரதி சுமந்தால், பிறக்கும் குட்டிக்கு நாலில் ஒரு பங்கு ஆபத்து. பிறக்கும்போது துள்ளும், சில வாரத்தில் வாடும், மூன்று மாதம் தாண்டாது. சுமக்கும் பெரியவர்களிடம் ஒரு அறிகுறியும் தெரியாது, அதனால் "எங்க குதிரைக்கு ஒரு நோயும் இல்லை" என்ற பதிலுக்கு அர்த்தமே இல்லை. 2010லிருந்து ஒரு கொத்து முடியைப் பிடுங்கி அனுப்பினால் பதில் வந்துவிடும். தசையில் சர்க்கரை தப்பாகச் சேர்ந்து உடம்பு இறுகிப்போகும் பி.எஸ்.எஸ்.எம்.1 அப்படியல்ல, ஒரு பிரதியே போதும்; கனத்த இனங்களிலும் காப்களிலும் அது இருக்கிறது. கருப்பிக்கு இரண்டு சோதனையும் செய்தோம். எஃப்.ஐ.எஸ்.ஸில் ஒரு பிரதி சுமக்கிறாள் என்று வந்தது. தங்கை அன்று போனில் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

சுமப்பவள் என்பதால் குட்டி எடுக்கக்கூடாது என்றில்லை. சுமக்காத தந்தையோடு சேர்த்தால் எந்தக் குட்டிக்கும் நோய் வராது, பாதிக்குப் பாதி சுமக்க மட்டும் செய்யும். ஆனால் சோதிக்காத ஜிப்ஸி காப்போடும், ஃபெல், டேல்ஸ் குதிரையோடும் சேர்க்கும் பேச்சு அத்தோடு முடிந்தது. ஜிப்ஸி காப்பின் உரிமையாளரிடம் சோதிக்கச் சொல்லிக் கேட்டோம், செலவை நாங்களே தருவதாகவும் சொன்னோம். பதில் வரவில்லை.

மிச்சம் வெல்ஷ் காப். வெல்ஷ் இனங்களுக்கான சங்கம் 1901இல் தொடங்கியது. அதன் பதிவேட்டில் டி பிரிவு என்றால் 13.2 ஹேண்டுக்கு மேற்பட்ட காப்கள், மேல் வரம்பு இல்லை. கருப்பியைப் போலவே திரண்ட உடம்பு, ஆனால் உள்ளே வேறு இயந்திரம். ஒரு காலத்தில் வேல்ஸில் டிராட் எனும் துள்ளோட்டத்தில் பந்தயம் விட்டே பொலிகுதிரை தேர்ந்தெடுத்தார்கள். அதனால் தோள் சாய்வும் பின்காலின் உந்தலும் இந்த இனத்தில் ஊறியவை. காப் உடல்வாகை விட்டு வெளியே போகாமல் காப்பின் நடையைத் திருத்த வேண்டும் என்றால் இதைவிட நேர்வழி இல்லை. ஒரு குறையைத் திருத்த எதிர்த்துருவத்தைத் தேட வேண்டாம். அந்த உறுப்பு சரியாக உள்ள, மற்றதில் ஒத்துப்போகிற குதிரை போதும்.

குறை இல்லாத இனமா? இல்லை. கண்காட்சிக்கென்றே வளர்த்த வெல்ஷ் காப்கள் சில முட்டியை மூக்குவரை தூக்கும், பின்கால் எங்கோ பின்தங்கி வரும். பார்க்க வாண வேடிக்கை, ஏறி உட்கார்ந்தால் தையல் மெஷின். மூளை சூடு. கோடையில் சிறு கொசுக்கடிக்கே வாலையும் பிடரியையும் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும் அரிப்பு நோய் இந்த இனத்திலும் உண்டு, அதில் பரம்பரைப் பங்கும் உண்டு. கொழுக்கும் உடம்பு விஷயத்தில் கருப்பிக்கு இது எந்த உதவியும் செய்யாது. தரோபிரெட்டிடம் நான் விட்டுக்கொடுத்தது இந்த ஒன்றைத்தான். வசந்தகாலப் புல்லை அளந்து கொடுக்கும் வேலை அம்மாவுக்குப் போலவே பிள்ளைக்கும் தொடரும்.

நடுவில் வேறு பெயர்களும் வந்தன. அயர்லாந்தின் கானமாரா மட்டக்குதிரை நல்ல யோசனை. சவாரிக்கேற்ற தோள், கெட்டிக்கால், அளவான உயரம். குளம்புச் சுவர் பிரிந்துபோகும் நோய்க்குச் சோதித்த ஆண்குதிரையாக ஓட்டும் தூரத்தில் ஒன்று இருந்திருந்தால் வெல்ஷ் காப்போடு கடும் போட்டி இருந்திருக்கும். அரேபியக் குதிரை என்றார் ஒருவர்: நடையும் மூச்சும் பிரமாதம், ஆனால் தரோபிரெட் பற்றிச் சொன்னதெல்லாம் இங்கேயும். ஃபிரிசியன் வேண்டவே வேண்டாம். அதே செங்குத்துத் தோள், அதே ரோமக்கால், தலையில் நீர் கோக்கும் பிறவிக்கோளாறும் குள்ளத்தனமும் அந்தக் குறுகிய ரத்தத்தில் இருக்கின்றன. போட்டிச் சவாரிக்கென வளர்க்கும் வார்ம்பிளட் இவள் கேட்ட வேலைக்கு அதிகப்படி.

விளம்பரப் படத்தை நம்பி முடிவெடுக்க வேண்டாம் என்று வெல்ஷ் காப்பைப் பார்க்க இருவரும் போனோம். தரோபிரெட்டைப் பார்க்கப் போனபோது அதை வெளியே கொண்டுவர இரண்டு ஆட்கள், மூக்கின் மேல் சங்கிலி. இங்கே பதினாறு வயசுப் பெண் ஒருத்தி சாதாரணத் தலைக்கயிற்றில் அழைத்து வந்தாள். பக்கத்துக் கொட்டிலில் பருவத்தில் இருந்த பெண்குதிரை கனைத்தது. இவன் கழுத்தை வளைத்து, ஒரு முறை பதிலுக்குக் கனைத்துவிட்டு, அந்தப் பெண் "ஏய்" என்றதும் நின்றான். இந்த ஐந்து வினாடிக்காக நான் எவ்வளவு தூரமும் வண்டி ஓட்டுவேன். பல்லைப் பார்த்தோம், மேல்தாடை முன்தள்ளவில்லை. பின்கால் முட்டிகள் நேர். ரோமம் மெல்லிசு, உள்ளே தோல் சுத்தம். மரபணு அறிக்கை கையில் கொடுத்தார்கள்: இரண்டு சோதனையிலும் நோய் மரபணு இல்லை.

பிறகு நான் கேட்டது, "கனத்த காப் தாய்க்குப் பிறந்த பிள்ளைகள் இருக்கா?" தூய வெல்ஷ் தாய்க்குப் பிறந்த பரிசுக் குதிரையைக் காட்டினால் கருப்பிக்கு என்ன பிறக்கும் என்று அது சொல்லாது. மூன்று இருந்தன. திட்டு நிறத் தாய்களின் பிள்ளைகள், ஒரு வயது, மூன்று வயது, ஐந்து வயது. மூன்றுக்கும் தோள் தந்தையுடையது, கால் ரோமம் பாதியாகக் குறைந்திருந்தது. ஐந்து வயதுக்காரியை வாய்க்காலோரச் சேற்றில் நடத்தச் சொல்லித் தடத்தைப் பார்த்தோம். பின்குளம்பு முன்தடத்தைத் தாண்டி நாலு விரற்கடை. தங்கை குனிந்து தன் விரலை வைத்தே அளந்தாள். ஒருத்திக்கு மட்டும் கொஞ்சம் சூடான மண்டை என்று அவர்களே சொன்னார்கள். மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்தது.

முறை என்று பார்த்தால், ஐரிஷ் டிராஃப்டுக்குக் குளிரூட்டிய விந்து மட்டுமே. அது ஒன்றிரண்டு நாள்தான் உயிரோடிருக்கும் என்பதால் கருமுட்டை வெளிப்படும் நேரத்தைக் கால்நடை மருத்துவர் ஸ்கேன் பார்த்துக் கணிக்க வேண்டும். உறைவிந்து என்றால் இன்னும் நெருக்கடி, மணிக்கணக்குப் பார்க்க வேண்டும்; சினைபிடிக்கும் வாய்ப்பும் குறைவு. ஒன்பது வயதில் முதல் குட்டி எடுக்கும் கருப்பிக்கு நேரடிச் சேர்க்கைதான் எளிது. பெண்குதிரைக்கு மூன்று வாரத்துக்கு ஒரு முறை பருவம், ஐந்தாறு நாள் நீடிக்கும். அந்த நாட்களில் பண்ணையில் விட்டுவிட்டால் மற்றதை அவனே பார்த்துக்கொள்வான். பொலிக்கூலியைப் பற்றி எல்லோரும் பேரம் பேசுகிறார்கள். மருத்துவர், தங்கும் செலவு, போக்குவரத்து, பிறகு நாலு வருஷத் தீனி, இவற்றோடு பார்த்தால் அதுதான் இருப்பதிலேயே சின்னத் தொகை. கேட்க வேண்டியது, குட்டி உயிரோடு பிறக்காவிட்டால் மறுபடி இலவசமாக விடுவார்களா என்பதை, அதையும் எழுத்தில்.

இரு பக்கமும் தொற்றுச் சோதனை வேண்டும். சி.இ.எம். என்ற பால்வினைத் தொற்றுக்குப் பஞ்சில் மாதிரி, ஈ.வி.ஏ. வைரஸுக்கு ரத்தம். ஆண்குதிரை வெளியே நன்றாக இருந்துகொண்டே அந்த வைரஸை விந்தில் பரப்பக்கூடியது. கருப்பியின் கொழுத்த கழுத்தைப் பார்த்த மருத்துவர் இன்சுலினும் பார்க்கச் சொன்னார். இன்சுலின் மிகுந்தால் குளம்பழற்சி வரலாம், அந்தக் காலோடு சினையைச் சுமப்பது கொடுமை. அளவு எல்லைக்குள் இருந்தது, ஆனால் இருபது கிலோ குறைக்கச் சொல்லியிருக்கிறார்.

நாள் குறித்தாகிவிட்டது. மே கடைசி வாரத்தில் கருப்பி போகிறாள். சேர்க்கைக்குப் பிறகு 15ஆம் நாள் ஸ்கேன், இரட்டைக் கரு இருந்தால் அப்போதே ஒன்றை நீக்கிவிட. அதைத் தள்ளிப்போட்டால் இரண்டும் போய்விடும் ஆபத்து. எல்லாம் கூடிவந்தால் சுமார் 340 நாள் கழித்து, அடுத்த மே தொடக்கத்தில், புல் தழைக்கும்போது குட்டி. வெல்ஷ் ரத்தம் பாதி இருப்பதால் வெல்ஷ் கலப்புப் பதிவேட்டிலும் இடமுண்டு. தாய்க்கு இல்லாத தாள் பிள்ளைக்குக் கிடைக்கும்.

"கறுப்பு வெள்ளையா பிறக்குமாக்கா?" என்று நேற்று மறுபடி கேட்டாள். கருப்பிக்கு அந்த மரபணு ஒரு பிரதியா இரண்டா என்று சோதிக்கவில்லை. ஒன்றென்றால் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றேன். சரி என்றாள். அவள் போனின் முகப்புப் படத்தில் இன்னும் அந்த ஜிப்ஸி காப்தான் இருக்கிறது.